குதிரை லாயம் குடியிருப்பானால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பள்ளத்தூரிலிருந்து வந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை ஒன்றைச் சேர்ந்த பழைய குதிரை லாயத்தில் சில நாள் தங்கிவிட்டு வந்த ஆச்சி ஒருவர் எழுதியது அது. காரைக்குடியில் வாசகர்கள் கூடியிருந்தபோது அக்கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஐவர் அங்கேயே தத்தம் கேள்விகளையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் ஒரே பொருளுக்குச் செல்கிறது.

கேள்வி: டெர்பிஷயரில் வேலை பார்க்கும் என் மகன், ஒரு பெரிய பண்ணை மாளிகையின் குதிரை லாயத்தை வீடாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்த இடத்தில் எங்களை ஒரு வாரம் தங்க வைத்தான். நான்கு புறமும் கட்டடம், நடுவே கல் பாவிய முற்றம், நுழைவாயிலில் உயரமான வளைவு, அதற்கு மேல் முக்கோண முகப்பு, உச்சியில் கடிகாரமும் மணியும் தாங்கிய சிறு கூண்டு என்று அது சமஸ்தானத்து அரண்மனைபோல் இருந்தது. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் குதிரை கட்டிய இடம் என்று அவன் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. நம் பக்கத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் கொட்டகைதானே போட்டார்கள்? குதிரைக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு?
— வாசகி (வயது 71), பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, ‘நான்கு புறமும் கட்டடம், நடுவே முற்றம்’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் நம் செட்டிநாட்டு வீட்டின் வளவுதான் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) என் கண்முன் வந்தது. அந்த ஒற்றுமை எங்கே முடிகிறது என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் காலம். ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு அரசர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்துப் பிரிட்டனை ஆண்டார்கள். அந்த ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களை ஜார்ஜியன் பாணி என்று அழைக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞரான ஆந்திரேயா பல்லாடியோ, பழைய ரோமானியக் கட்டடங்களை அளந்து வகுத்த விகித முறைகளை அக்காலத்து ஆங்கிலேய நிலவுடைமையாளர்கள் வேதம்போல் கொண்டாடினார்கள். நடுக்கோட்டுக்கு இடமும் வலமும் ஒன்றுபோல் அமைதல், கதவுக்கும் சன்னலுக்கும் இடையே அளந்து விட்ட வெற்றுச் சுவர், நடுப்பகுதி சற்றே முன்னுக்கு வந்து முக்கோண முகப்பைத் தாங்குதல் ஆகிய இவையே அப்பாணியின் அடிப்படை. மாளிகைக்கு வகுத்த அதே இலக்கணத்தை லாயத்துக்கும் பயன்படுத்தினார்கள் என்பதுதான் உங்களை வியக்க வைத்திருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. ரயில் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் பயணம், வேட்டை, பந்தயம், கடிதப் போக்குவரத்து எல்லாமே குதிரையின் காலில்தான் நடந்தன. கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவந்த மூன்று பொலிகுதிரைகளின் வழியாக இன்றைய பந்தயக் குதிரை இனம் உருவானதும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில்தான். நல்ல குதிரை என்பது பெருஞ்செல்வம்; அதைப் பார்க்க வருகிற விருந்தாளிக்கு அது நிற்கும் இடத்தையும் காட்ட வேண்டியிருந்தது. அத்துடன் விருந்தாளி தனியாக வருவதில்லை. அவருடைய வண்டி, அதை இழுத்த குதிரைகள், வண்டிக்காரர், ஏவலாட்கள் என்று ஒரு சிறு கூட்டமே உடன் வரும். அத்தனை பேருக்கும் அத்தனை விலங்குகளுக்கும் அன்றிரவே இடம் வேண்டும் என்பதால் லாயம் பெருத்தது.

உங்கள் மகன் இருக்கும் டெர்பிஷயரிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. சாட்ஸ்வொர்த் மாளிகையின் லாயத்தை டெவன்ஷயரின் நான்காம் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். வேலை 1758-இல் தொடங்கியது. மாளிகைக்குச் சற்று மேட்டில், வருகிறவர் கண்ணில் படும்படி நிற்கும் அந்தக் கட்டடத்தில் 80 குதிரைகளுக்கு இடம் இருந்தது. இன்று அங்கே உணவகமும் கடைகளும் நடக்கின்றன. அடுத்த முறை போனால் மகனிடம் சொல்லி அங்கே அழைத்துப்போகச் சொல்லுங்கள். முற்றத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், நான் மேலே எழுதிய இலக்கணம் முழுவதும் கல்லில் தெரியும்.

இப்போது நம் வளவுக்கு வருகிறேன். நம் வீட்டில் முற்றம் குடும்பத்துக்குரியது. அதைச் சுற்றிப் பத்திகளும் அறைகளும் புள்ளிவாரியாக, அதாவது மணமான ஒவ்வொரு இணைக்கும் ஒன்றாக அமைந்தன. முகப்பு ஊருக்கு. வண்டியும் மாடும் குதிரையும் வீட்டின் கடைசிக் கட்டான பின்பகுதியையும் தாண்டிப் பின்தெருவை ஒட்டிய கொட்டகையில் நின்றன. நம் முன்னோர் கடல் கடந்து ஈட்டிய பொருளை மனிதர் கூடும் இடத்தில், அதிலும் திருமணமும் சடங்கும் நடக்கும் இடத்தில் கொட்டினார்கள். ஆங்கிலேயப் பிரபு நிலத்துக்கு நடுவே தனியாக வாழ்ந்தார். தம் செல்வத்தைப் பரந்த புல்வெளிக்கு அப்பாலிருந்தே தெரியும்படி பரப்பிக் காட்ட அவருக்கு மாளிகை, லாயம், தோட்டத்துச் சிறு மண்டபம், பாலம் என்று பல கட்டடங்கள் தேவைப்பட்டன. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய குடும்பத்தின் செல்வம், அடிமைகளின் உழைப்பில் நடந்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வணிகத்தோடு பின்னிப் பிணைந்தது. அழகை ரசிக்கும்போது அதையும் நினைவில் வைத்திருப்பது நியாயம்.

குதிரைக்கு நம்மவர்கள் மதிப்புத் தரவில்லை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். ஐயனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில் பிறந்தவர்கள் நாம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போனால் கோயில் பாதையின் இருமருங்கிலும் மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நாம் குதிரையைக் குயவரான வேளார் கையால் செய்து சாமியிடம் விட்டோம். அவர்கள் அதற்குக் கல்லில் வீடு கட்டினார்கள்.

கேள்வி: பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆச்சி காட்டிய படங்களில் சில விவரங்கள் எனக்கு விளங்கவில்லை. சன்னல்கள் தலைக்கு மேலே அரைவட்டமாக இருப்பதேன்? உள்தரை ஒருபுறம் சரிந்திருக்கிறது. மாடிச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது, ஆனால் அதற்குப் படியும் இல்லை, நடையும் இல்லை, திறந்தால் அந்தரம். ஒரு சிறிய அறையில் மட்டும் கணப்பு அடுப்பு இருக்கிறது. இவை பிற்காலத்து மாற்றங்களா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: ஒன்றுகூடப் பிற்காலத்தது அன்று. வெளிச்சுவரைப் பல்லாடியோ வகுத்தார் என்றால் உட்புறத்தை வகுத்தது குதிரையின் உடம்பு. அந்த உடம்பை நடுவில் நிறுத்திப் பார்த்தால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கும்.

அக்காலத்துக் குதிரைகளில் பெரும்பாலானவை திறந்த அறைகளில் உலவாமல், ஏறக்குறைய 6 அடி அகலமும் 9 அடிக்குக் குறையாத நீளமும் உள்ள தடுப்புகளுக்குள், தலை சுவரைப் பார்க்கக் கட்டப்பட்டு நின்றன. தலைப்பக்கத்தில் தீவனத் தொட்டியும் அதற்கு மேல் வைக்கோல் சட்டமும் இருந்தன. வால் பக்கத்தில் ஆட்கள் நடக்க நீண்ட நடைபாதை. தலைப்பக்கச் சுவரில் தாழ்வாகச் சன்னல் வைத்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். குளிர்காற்று நெற்றியில் மோதும். வெளியே நடமாடுவோரைக் கண்டு குதிரை மிரளும். எனவே சன்னலைத் தொட்டிக்கும் சட்டத்துக்கும் மேலே ஏற்றினார்கள். அங்கே கிடைத்த குறைந்த உயரத்துக்குப் பொருந்தி, நல்ல வெளிச்சமும் தந்த வடிவம் அரைவட்டம். ரோமானியக் குளியல் மாளிகைகளில் பயன்பட்ட அவ்வடிவத்தைப் பல்லாடியோவும் தம் வீடுகளில் கையாண்டிருந்ததால், தேவையும் பாணியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஜார்ஜியன் லாயங்களில் இந்த அரைவட்டச் சன்னல்கள் அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் இதுவே. வெளிமுகப்பில் சில சன்னல்கள் கண்ணாடியின்றிச் செங்கல்லால் மூடிய பொய்ச் சன்னல்களாக இருக்கும். உள்ளே வெளிச்சம் தேவைப்படாத இடத்திலும் வெளியே சீர் குலையக் கூடாது என்பதற்காக, கட்டும்போதே அப்படி வைத்தவை அவற்றுள் பல.

தரைச் சரிவைப் பொறியாளரான நீங்களே ஊகித்திருப்பீர்கள். தடுப்பின் முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கி மெல்லிய சரிவும், நடைபாதையை ஒட்டி ஆழமில்லாத ஓடையும் வைத்துச் சிறுநீரையும் கழுவிய நீரையும் வெளியேற்றினார்கள். குளம்பு வழுக்காமல் இருக்கக் கடினமான செங்கல்லையோ சிறு கருங்கல் துண்டங்களையோ பதித்தார்கள். இந்த ஓடையை நினைவில் வைத்திருங்கள். கீழே வேறொரு கேள்வியில் மறுபடியும் வருகிறது.

அந்தரத்துக் கதவு வைக்கோல் ஏற்றுவதற்கு. வண்டியைக் கீழே நிறுத்தி, கவைக்கோலால் குத்தித் தூக்கி மேலே எறிவார்கள். பரணில் நிற்பவர் வாங்கி உள்ளே தள்ளுவார். பரணின் தரையில், ஒவ்வொரு தீவனச் சட்டத்துக்கும் நேர் மேலே ஓட்டை வைத்திருப்பார்கள். காலையில் அதன் வழியே தேவையான அளவைத் தள்ளிவிட்டால் போதும். பரணின் ஒரு பகுதி குதிரைக்காரர்களின் படுக்கை அறை. கீழேயிருந்து வரும் விலங்குகளின் சூடு குளிர்காலத்தில் அவர்களுக்கு உதவியது. கீழேயிருந்து வரும் நெடியும் அவர்களுக்கே. மாளிகையின் முன்பகுதியைப் பார்த்து வியப்பவர்கள் இந்தப் பரணையும் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கணப்பு இருந்த சிறிய அறை சேண அறை. அந்நாட்டு ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடித்து வெடித்துவிடும் என்பதால், சேணத்தையும் கடிவாளத்தையும் காயவைக்க அங்கே நெருப்பு எரிந்தது. குதிரை நிற்கும் பகுதியில், வைக்கோலுக்கு அடியில், நெருப்பு வைக்க யாரும் துணிய மாட்டார்கள். முற்றத்தின் ஒரு பக்கத்தில் அகலமான வளைவுகள் வரிசையாக இருந்திருக்குமே, அவை சாரட்டு வண்டிகள் நின்ற அறைகள்.

கூரையைப் பற்றி ஒரு வரி. அறுத்த மரத்தாலான முக்கோணச் சட்டகங்களை, நடுவே ஒரு தூணைத் தொங்கவிட்டுப் பிணைத்துச் சுவரிலிருந்து சுவருக்கு வைத்தார்கள்; இடையில் கனமான தாங்கு சுவர் இல்லாமல் நீண்ட கூடம் கிடைத்தது அதனால்தான்.

கேள்வி: உச்சியில் கடிகாரம் எதற்கு?
— வாசகர், கோட்டையூர்

பதில்: பண்ணையில் வேலை செய்தவர்களில் மிகச் சிலரிடமே பைக்கடிகாரம் இருந்திருக்கும். தீவனம், தண்ணீர், வண்டி பூட்டுதல், சாப்பாடு என எல்லாவற்றுக்கும் அந்த மணியே நேரம் சொன்னது. கூண்டின் பக்கங்களில் சாய்பலகைகள் இருந்தால், சூடான காற்றும் நெடியும் வெளியேற அதுவே புகைபோக்கிபோல் உதவியது.

கேள்வி: நான் கட்டடக் கலை படிக்கும் மாணவி. எங்கள் ஐயா வீட்டின் பின்கொட்டகையிலும் செங்கல் வளைவும் உருண்டைத் தூணும் உள்ளன. அதையும் ஜார்ஜியன் என்று என் கட்டுரையில் எழுதலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம், அம்மா. ஜார்ஜியன் காலம் 1830-இல் முடிந்துவிட்டது. நாம் இன்று காணும் செட்டிநாட்டு மாளிகைகளில் மிகப் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுந்தவை. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது. அந்தத் தூணும் வளைவும் சென்னை, கொழும்பு, ரங்கூன், பினாங்கு ஆகிய துறைமுக நகரங்களில் நம்மவர்கள் பார்த்துப் பழகிய பல பாணிகளிலிருந்து எடுத்து, நம் கொத்தனார்கள் தங்கள் கைவழக்கப்படி அமைத்தவை. அவற்றுக்கு ஆங்கில அரசர் பெயரைச் சூட்டினால் கட்டியவர்களின் பங்கு மறைந்துவிடும். ஜார்ஜியன் காலத்துக் கட்டடத்தை நம் மாநிலத்திலேயே பார்க்க விரும்பினால், சென்னையில் 1802-இல் முடிந்த ராஜாஜி மண்டபத்தையும், 1821-இல் முடிந்த எழும்பூர் புனித ஆந்திரேயர் தேவாலயத்தையும் போய்ப் பாருங்கள். பின்னதற்கு முன்மாதிரி, ஜேம்ஸ் கிப்ஸ் லண்டனில் கட்டிய புனித மார்ட்டின் தேவாலயம்.

கேள்வி: இப்படிப்பட்ட லாயத்தை வீடாகவோ விடுதியாகவோ மாற்றும்போது அந்நாட்டில் எதை அனுமதிக்கிறார்கள், எதை மறுக்கிறார்கள்? உங்கள் பார்வையில் நல்ல மாற்றம் எது?
— வாசகர், கண்டனூர்

பதில்: சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட்டு மூன்று தரங்களாகப் பிரித்துக் காக்கிறார்கள். மாளிகை பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக் கட்டடங்களும், தனியே பட்டியலிடப்படாவிட்டாலும், அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். எனவே லாயத்தின் ஒரு தடுப்பை அகற்றுவதற்குக்கூட உள்ளாட்சியின் இசைவு தேவைப்படலாம். கூரையில் வௌவால் தங்கியிருந்தால் அதையும் சட்டம் காக்கிறது. அது குட்டி வளர்க்கும் பருவத்தில் வேலையைத் தொடங்க விட மாட்டார்கள்.

மாற்றம் என்பதே புதிதன்று. டெர்பிஷயரின் பக்ஸ்டன் நகரில், டெவன்ஷயரின் ஐந்தாம் டியூக்குக்காக ஜான் கார் வடிவமைத்து 1780-களில் கட்டிய பெரிய லாயத்தின் ஒரு பகுதி 1859-இல் மருத்துவமனையாக மாறியது. குதிரைகளை நடத்திப் பழக்கிய நடு முற்றத்தை 1881-இல் ஏறத்தாழ 145 அடி விட்டமுள்ள குவிமாடத்தால் மூடினார்கள். இன்று அது டெர்பி பல்கலைக்கழகத்தின் வளாகம். பிரைட்டனில் வேல்ஸ் இளவரசருக்காக வில்லியம் போர்டன் 1803-க்கும் 1808-க்கும் இடையில் கட்டிய லாயம், 80 அடி விட்டமுள்ள கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே குதிரைகளை வட்டமாக நிறுத்தியது. வெளித்தோற்றத்தில் முகலாயச் சாயல். பின்னர் அதை இசையரங்காக மாற்றினார்கள். முதல் உலகப் போரில், 1914-இன் இறுதியிலிருந்து, பிரான்சின் போர்க்களத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களை அந்தக் குவிமாடத்தின் கீழே கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். இந்தியக் கட்டடங்களின் சாயலில் கட்டிய குதிரை லாயத்தில் இந்திய வீரர்கள் படுத்திருந்த அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிடுவேன்.

இனி என் பார்வை. லாயத்தின் உயிர் அதன் நீளத்தில் இருக்கிறது. ஒரே அளவுள்ள தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும் கூடம் அது. அதைப் பத்துப் பெட்டிகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் படுக்கையும் குளியலறையும் வைத்துவிட்டால், வெளிச்சுவர் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் உள்ளே சாதாரண விடுதிதான் மிஞ்சும். நல்ல மாற்றங்களில் ஒரு பக்கத்து நீளக் கூடத்தையாவது முழுதாக விட்டு, அதைச் சமையலும் உணவும் உரையாடலும் நடக்கும் பொது இடமாக வைத்திருப்பார்கள். படுக்கை அறைகள், ஏற்கெனவே சிறு அறைகளாகப் பிரிந்திருந்த சேண அறைப் பக்கத்துக்கும் பரணுக்கும் போகும். தடுப்புகளின் மரத் தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அடுத்தது வாய்கள், அதாவது சுவரிலுள்ள திறப்புகள். சாரட்டு அறையின் அகன்ற வளைவை அடைக்க வேண்டியிருந்தால், கண்ணாடியைச் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டாமல் ஒன்றிரண்டு அடி உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்; அப்போதுதான் வளைவின் நிழல் விழும், வாயாகவே தோன்றும். பழைய மரக்கதவுகளைக் கழற்றி எறியாமல் இருபுறமும் திறந்து பிடித்து நிறுத்தினால் இரவில் அவையே திரையாகும். புதிய கூரைச் சன்னல்களை முற்றம் பார்த்த சரிவில், எண்ணிக்கையில் குறைவாக வைக்கலாம். வெளிப்பக்கச் சரிவு தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முழுக் கற்பலகைக் கூரையாகவே தெரிய வேண்டும். அரைவட்டச் சன்னலின் அடிச்சுவரை இடித்துத் தரை வரை இறக்குகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அது எனக்குப் பொறுக்காத செயல். வெளிச்சம் தேவை என்பது உண்மைதான். ஆனால் சுவரின் உயரத்தில் நின்று, கூரைக்கும் தரைக்கும் நடுவே ஒளியைப் பரப்புகிற அந்தச் சன்னல் ஒன்றுதான் அங்கே குதிரை நின்றதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிறகு உப்பு. முன்பு சொன்ன ஓடை இங்கே திரும்ப வருகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரைச் சிறுநீர் ஊறிய அடிச்சுவரில் நைட்ரேட் உப்புகள் தேங்கியிருக்கும். ஒரு காலத்தில் வெடிமருந்துக்காக லாயங்களின் மண்ணையும் சுவரையும் சுரண்டி எடுத்த வெடியுப்பு இதுவே. இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், காயும், மீண்டும் உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் செங்கல்லின் தோலைச் சிறிது உரித்துக்கொண்டு வெளியே வரும். அதன்மேல் சிமெண்டோ நீர் புகாத வண்ணமோ பூசினால் உப்புக்கு வழி அடைபட்டு, சுவருக்குள்ளேயே உடைக்கத் தொடங்கும். சுண்ணாம்புக் காரையைப் பூசி, அது உப்பை வாங்கிக்கொண்டு உதிர உதிரச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்து மறுபடியும் பூசுவதே சரியான வழி. பொறுமை வேண்டிய வேலை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்தெருவில் ஐந்து வளைவு கொண்ட வண்டிக் கொட்டகை இருக்கிறது. எங்கள் பாட்டனார் காலத்தில் வில்வண்டியும் இரண்டு குதிரைகளும் நின்றனவாம். சுவரில் கட்டுவதற்கான இரும்பு வளையங்கள் இன்றும் உள்ளன. பிறகு கார் நின்றது. இப்போது விறகும் உடைந்த சாமான்களும். பங்காளிகள் பன்னிரண்டு பேரில் சிலர் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம் என்கிறார்கள். வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வரும் பிள்ளைகள் தங்க நாலு அறை வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான ஆசை. எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: இடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏன் என்றும் எப்படி என்றும் விளக்குகிறேன்.

நீங்கள் கேட்கும் நாலு அறையில் இரண்டை மட்டும் கொட்டகைக்குள் வையுங்கள். ஐந்து வளைவில் இரு முனைகளிலும் ஒவ்வொன்று அறையாகட்டும். நடுவிலுள்ள மூன்றும் சுவரின்றி ஒரே கூடமாக இருக்கட்டும். பத்துப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பதற்கு அந்தக் கூடம் நாலு அறையைவிட அதிகம் உதவும். மிச்சமுள்ள இரண்டு அறைகளும் குளியலறைகளும் பின்காலியிடத்தில், கொட்டகையின் ஓட்டு விளிம்புக்குக் கீழான உயரத்தில், சுவரைத் தொடாமல் இரண்டு முழ இடைவெளி விட்டு எழட்டும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பழைய சுவருக்குள் ஒருபோதும் போக வேண்டாம். பழைய வீடுகளைச் சீர்செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: செட்டிநாட்டுச் சுவர்களை மழை கெடுத்ததைவிட, சுவருக்குள் கசிந்த குழாய்கள் அதிகமாகக் கெடுத்திருக்கின்றன.

சிமெண்டு பற்றி என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், இதே போன்ற ஒரு கொட்டகையின் அடிச்சுவரில் உப்புப் பூத்துக் காரை பெயர்ந்திருந்தது. மூத்த கொத்தனார் சுண்ணாம்புதான் வேண்டும் என்றார், நான் கேட்கவில்லை. மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு பூசச் சொன்னேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் போனபோது சிமெண்டு அப்படியே நின்றது. அதற்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சு மாவாகக் கொட்டிக் கிடந்தது. வெளியேற வழியில்லாத ஈரமும் உப்பும் மேலே ஏறியிருந்தன. அந்தக் கொத்தனார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்ததை நான் நின்று பார்த்தேன்.

ஆகவே அடிச்சுவருக்குக் கடுக்காய்த் தண்ணீரில் புளிக்கவைத்து அரைத்த சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சு கொட்டகைக்குத் தேவையில்லை. அது வீட்டுக் கூடமான பட்டாலையின் சுவருக்கு உரியது, செலவும் அதிகம். கொட்டகையில் சாதாரண வெள்ளையடிப்பே அழகு. தரையில் உங்கள் ஊரின் ஆத்தங்குடித் தரைக்கற்களைப் பதிக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். நடுக்கூடத்தில் வேண்டாம், முனையறைகள் இரண்டிலும் பதிக்கலாம். கூடத்தில் பழைய செங்கல்லோ கல்லோ இருந்தால் அதையே எடுத்துக் கழுவி, அடியில் மணலும் சுண்ணாம்பும் இட்டு மறுபடியும் பதியுங்கள். பின்தெருப் பக்கமாகச் சரிவும் ஓடையும் இருந்தால் அவற்றைச் சமப்படுத்திவிடாதீர்கள்.

கூரையைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கைமரத்துக்கும் எண் இடுங்கள். சுவரில் செருகியிருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும். அந்த முனையை மட்டும் அறுத்து, பழைய தேக்கை ஒட்டுப்போட நம் தச்சர்களுக்குத் தெரியும். முழு மரத்தையும் மாற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். கழற்றிய மரமும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த கதைகளை நீங்களே அறிவீர்கள். நாட்டு ஓடு உடைந்தது போக மிச்சத்தைப் பின்தெரு பார்த்த சரிவிலும், குறைவதற்கு வாங்கும் ஓட்டை உள்சரிவிலும் போட்டால் தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை பழையபடியே தெரியும்.

வளைவுகளை அடைக்கும்போது கண்டனூர் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும். ஆனால் நம் வெயிலில் கண்ணாடி கூடாது. ஒரு முழம் உள்ளே தள்ளி, மேல்பாதியில் மரச் சாய்பலகையும் கீழ்ப்பாதியில் பலகைக் கதவும் வைத்தால் காற்று வரும், வெயில் வராது, நிழலும் விழும்.

செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014-இல் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அப்போது பேசப்பட்டது மாளிகைகளைப் பற்றி மட்டும் அன்று. தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதும், வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிவதும், மழைநீர் ஓடி ஊருணியில் சேர்வதுமான ஊரமைப்பையும் சேர்த்தே பேசினார்கள். உங்கள் ஐந்து வளைவுகள் அந்தப் பின்தெருவின் முகம். அவை போனால் அந்தத் தெருவில் மதில் மட்டும்தான் இருக்கும்.

பன்னிரண்டு பங்காளிகளையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது கட்டடக் கலைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அடுத்த முறை எல்லோரும் கூடுவதற்குள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாரையாவது வைத்துக் கொட்டகையை அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவின் அகலம், தரைச் சரிவு, கைமரங்களின் எண்ணிக்கை, சுவரில் இரும்பு வளையம் எந்த உயரத்தில் எத்தனை அடிக்கு ஒன்றாக இருக்கிறது என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கட்டும். இடிக்க ஆகும் செலவு, கான்கிரீட்டில் கட்ட ஆகும் செலவு, நான் சொன்னபடி சீர்செய்ய ஆகும் செலவு ஆகிய மூன்றையும் அதன் ஓரத்தில் எழுதி, வளவில் விரித்து வையுங்கள். வரைபடத்தின் படி ஒன்றை எனக்கும் அனுப்பினால், முனையறைகளுக்குக் கதவு எந்தப் பக்கம் வரலாம் என்பதை அடுத்த இதழுக்கு முன்பே குறித்து அனுப்புகிறேன். வெள்ளையடிப்பவர்கள் அந்த வளையங்களைப் பிடுங்கிவிடாமல் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.